புதுப்பிப்பு: ‘ஐ வான்ட் தட் யூ கம்’ (பாதி தீர்ந்தது)

என்னிடம் ஆங்கிலம் படிக்கும் கொலம்பியாக்காரர் ‘ஐ வான்ட் தட் யூ கம்’ என்றே எழுதுகிறார், எப்படித் திருத்துவது என்று போன வாரம் கேட்டிருந்தேன் அல்லவா?

காரணம் பிடிபட்டது. ஸ்பானிஷில் ‘கியேரோ கே வெங்காஸ்’. அந்தக் ‘கே’ கிட்டத்தட்ட நம் ‘என்று’. ‘நீ வரணும்னு விரும்புறேன்’ என்பதில் போலவே அங்கேயும் ‘நீ’ எழுவாய்தான். ஆங்கில ‘வான்ட்’ அந்த எழுவாயைப் பிடுங்கித் தன் செயப்படுபொருளாக்கிக்கொள்கிறது: ‘ஐ வான்ட் யூ டு கம்’. ‘யூ’வில் இது தெரியவே தெரியாது, எழுவாய்க்கும் செயப்படுபொருளுக்கும் ஒரே உருவம். நான் அந்த உதாரணத்தையே கட்டிக்கொண்டு மாரடித்தது என் தப்பு. ‘ஐ வான்ட் ஹிம் டு கம்’ என்று எழுதிக் காட்டினேன். “ஹீ இல்லையா, ஹிம்மா?” என்றார். முடிச்சு அங்கேதான் அவிழ்ந்தது.

இறந்தகாலம் அவருக்கு இப்போது கொண்டாட்டம். ஸ்பானிஷில் விரும்பியது நேற்று என்றால் ‘அவன் வர’ என்பதற்கான ‘வெங்கா’வையும் ‘வினியேரா’ ஆக்க வேண்டும். இங்கே ‘வான்டட் ஹிம் டு கம்’, ‘கம்’ அசையாது.

ஆனால் துணிச்சல் வந்து நேற்று ‘ஐ சஜெஸ்ட் ஹிம் டு கம்’ என்று அனுப்பியிருக்கிறார்! ‘சஜெஸ்ட்’ தட் கேட்கும் வினை: ‘ஐ சஜெஸ்ட் தட் ஹீ கம்’, அதுவும் ‘கம்ஸ்’ என்று எஸ் போடாமல். இவ்வளவு பாடுபட்டு மறக்கவைத்த ‘கே’யை இனி நானே திரும்பக் கூப்பிட வேண்டும்.