அனாபின்ல காலேஜ் பேர் இல்ல, ஜெர்மனி ப்ளூ கார்டு கிடைக்குமா? (அவசரம்)

அவசரக்காரன்: ஜெர்மனில வேலை ஆஃபர் வந்தாச்சு, ப்ளூ கார்டு (திறமை வேலைக்கு வர்றவங்களுக்கான வசிப்பு அனுமதி) போடணும். வெளிநாட்டுப் படிப்பு ஜெர்மனில செல்லுமான்னு பார்க்கற அனாபின் தளத்துல தேடினா என் காலேஜே இல்ல. அடுத்த வாரம் விசா அப்பாயின்ட்மென்ட். என்ன பண்றது?

கரிகாலன்: என்ன டிகிரி, என்ன வேலை, வருஷச் சம்பளம் எவ்வளவு? இது தெரியாம எதுவும் சொல்ல முடியாது.

நிலவன்: காலேஜ் பேர்ல தேடாதீங்க ப்ரோ, பட்டம் கொடுத்த யுனிவர்சிட்டி பேர்ல தேடுங்க. எச் ப்ளஸ்னு (அங்கீகாரம் உண்டு) வந்தா பாதிக் கிணறு தாண்டியாச்சு. அப்புறம் டிகிரியைத் தனியாத் தேடி, ரெண்டு பக்கத்தையும் பிரின்ட் எடுத்து வைங்க.

தேன்மொழி: எதுக்கு இவ்வளவு கஷ்டம்? ஆப்பர்ச்சூனிட்டி கார்டு போடுங்க.

பழையவன்: அது வேலை தேடறவங்களுக்கு அம்மா. ஒரு வருஷம், வாரம் 20 மணி நேரம்தான் வேலை. ஆஃபர் கையில இருக்கிறவர் அதை எதுக்குப் போடணும்? கேள்வியைப் படிச்சுட்டு பதில் எழுதலாமே.

அவசரக்காரன்: பி.எஸ்சி கம்ப்யூட்டர். டெவலப்பர். 46,000 யூரோ, போனஸ் தனி. யுனிவர்சிட்டிக்கு எச் ப்ளஸ் மைனஸ்னு காட்டுது.

நிலவன்: அப்படின்னா அங்கீகாரம் எல்லாத்துக்கும் ஒரே மாதிரி இல்லைன்னு அர்த்தம், பிரின்ட் மட்டும் போதாது. ஸாப் (ZAB, வெளிநாட்டுப் படிப்பை மதிப்பிடற ஜெர்மன் அரசு அலுவலகம்) கிட்ட டிகிரி மதிப்பீட்டுச் சான்று வாங்கணும், கட்டணம் 208 யூரோ. வேலை ஒப்பந்தத்தையும் சேர்த்து அனுப்புங்க.

கரிகாலன்: சம்பளம் பிரச்சனை இல்ல. 2025ல பொது வரம்பு வருஷத்துக்கு 48,300 யூரோ, ஐடி மாதிரி ஆள் பற்றாக்குறைத் தொழிலுக்கு 43,759.80ஆ இருந்துச்சு. ஆனா உறுதியில்லாத போனஸைக் கணக்குல எடுக்க மாட்டாங்க. எத்தனை வருஷ அனுபவம்? ஐடில டிகிரி இல்லாமலே ப்ளூ கார்டுக்கு வழி இருக்கு: கடைசி 7 வருஷத்துல 3 வருஷ அனுபவம். பதவிப் பேர் மட்டும் போட்ட கடிதம் உதவாது, செஞ்ச வேலையை விவரமா எழுதி வாங்கணும்.

தேன்மொழி: ஜெர்மன் தெரியாம போய் என்ன பண்ணுவார்?

பழையவன்: ப்ளூ கார்டுக்கு மொழிச் சான்று கேட்கறதில்ல.

தேன்மொழி: விசாவுக்குக் கேட்கலை, சரி. நிரந்தரக் குடியுரிமைக்கு? ஜெர்மன்ல ஆரம்ப நிலையான ஏ1 இருந்தா 27 மாசம், நடுத்தர நிலையான பி1 இருந்தா 21. ஆறு மாசம் சும்மாவா?

பழையவன்: அவர் இன்னும் ஃபிளைட்டே ஏறலை. மேலும் அது குடியுரிமை இல்ல, நிரந்தர வசிப்பு அனுமதி.

தேன்மொழி: பேர் எதுவோ, மாசக் கணக்கு சரிதானே?

அவசரக்காரன்: ஸாப்ல பணம் கட்டிட்டேன். அப்பாயின்ட்மென்ட்டைத் தள்ளி வெச்சாச்சு. நன்றி.

கரிகாலன்: ஒப்பந்தத்துல வேலைக்குச் சேர வேண்டிய தேதி இருக்குமே, அதையும் மாத்தித் தரச் சொல்லுங்க. அனுபவம் எத்தனை வருஷம்னு இன்னும் சொல்லவே இல்லையே?