துப்பாக்கி விவாதத்தில் முறிந்த நட்பு: விட்டுவிடுவதா, ஒட்டவைப்பதா?

காவிரிக்கரையான் (பிளேனோ, டெக்சஸ்)

நானும் அவனும் திருச்சியில் ஒரே பொறியியல் கல்லூரி, ஒரே விடுதி. அமெரிக்கா வந்தபின் டாலஸ் பக்கமே குடியேறினோம். என் மகளுக்குக் காது குத்தியபோது தாய்மாமனாக மடியில் உட்காரவைத்துக்கொண்டவன் அவன்தான்.

2022 மே 24 அன்று டெக்சஸின் யுவால்டி ஊரில் ராப் தொடக்கப்பள்ளியில் 19 குழந்தைகளையும் 2 ஆசிரியைகளையும் 18 வயதுப் பையன் ஒருவன் சுட்டுக் கொன்றான். அந்த ரைஃபிளைப் பிறந்தநாள் முடிந்த கையோடு சட்டப்படி வாங்கியிருந்தான். "இந்த நாட்டில் பீர் வாங்க 21 ஆகவேண்டும், டெக்சஸில் ராணுவத் துப்பாக்கி போன்ற ஏஆர் ரக ரைஃபிள் வாங்க 18 போதும். இந்த வயதையாவது உயர்த்துங்கள்" என்று அன்றிரவு ஃபேஸ்புக்கில் எழுதினேன். "சட்டத்தை மதிக்கிறவன்கிட்ட பிடுங்குறதுதான் உங்களுக்குத் தெரிஞ்ச ஒரே வழி" என்று அவன் கீழே எழுதினான். நான் பதில் சொன்னேன். அவனோடு துப்பாக்கிப் பயிற்சிக்குப் போகிறவர்கள், என் அலுவலகத்துக்காரர்கள், யாரென்றே தெரியாதவர்கள் எல்லோரும் புகுந்தார்கள். விடிவதற்குள் "அந்தக் குழந்தைகளோட ரத்தம் உன் கையில" என்று ஒருவர் அவனுக்கு எழுதியிருந்தார். அன்றே அவன் என்னை நட்பிலிருந்து நீக்கினான்.

அடுத்த வருடம் மே 6, ஆலன் ஊர் மாலில் 8 பேர் கொல்லப்பட்டார்கள். எங்கள் இரண்டு குடும்பமும் துணி எடுக்கப் போகும் இடம். "எல்லாரும் பத்திரமா?" என்று வாட்ஸப்பில் கேட்டேன். நீலக்குறி விழுந்தது, பதில் வரவில்லை. இப்போது தமிழ்ப்பள்ளியில் பிள்ளைகளை விடும்போது பார்த்தும் பாராமல் போகிறோம்.

நான் எழுதியதில் ஒரு வரியையும் திரும்பப் பெறமாட்டேன். ஆனால் இதற்காக இப்படி ஒரு நட்பு போகத்தான் வேண்டுமா?

வேலுச்சாமி (ஹூஸ்டன்)

உங்க நண்பர் பக்கம் நின்னு பேசறேனுங்க. நான் இந்த நாட்டுக் குடியுரிமை வாங்கினவன், வீட்ல கைத்துப்பாக்கி வச்சிருக்கறவன்.

அந்த 'ரத்தம்'ங்கற வரியை நீங்க எழுதலை, சரி. உங்க பக்கத்துல வந்து ஒருத்தர் எழுதினாரே, அதை நீங்க மறுத்ததா எங்கயும் சொல்லலையே? உங்க பிள்ளையை மடியில வச்சிருந்த மனுசனைக் கொலைகாரன்னு ஊரார் பார்க்கச் சொல்றப்போ, அவருக்காக முதல்ல பேச வேண்டியது யாரு? அவர் உங்களை நீக்கினது கொள்கைக்காக இல்ல, அந்த மௌனத்துக்காகன்னுதான் எனக்குப் படுது.

யுவால்டியை நீங்க ஒரு மாதிரி பார்க்கறீங்க, நாங்க வேற மாதிரி பார்க்கறோம். அன்னிக்கு வந்த போலீசும் மத்த அதிகாரிகளும் மொத்தம் 376 பேர். 77 நிமிசம் கழிச்சுத்தான் அந்த வகுப்புக்குள்ள போனாங்க. வெளிய பெத்தவங்க கதறிட்டு நின்னாங்க. போலீஸ் காப்பாத்த வரலைன்னா அரசியல் சட்டப்படி உரிமை கேட்க முடியாதுன்னு 2005ல காசில் ராக் வழக்குல உச்சநீதிமன்றம் சொல்லிருச்சு. அப்ப என் குடும்பத்துக்கு யாருங்க காவல்? 2017ல சதர்லேண்ட் ஸ்பிரிங்ஸ் சர்ச்சுல 26 பேரைக் கொன்னவனை எதிர்த்துச் சுட்டது பக்கத்துல குடியிருந்தவரு, தன்னோட சொந்த ஏஆர்-15ஐ வச்சு. நம்ம ஆளுக வீட்ல தங்கம் இருக்கும்னு தெரிஞ்சே குறிவச்சுத் திருடற கூட்டங்களைப் பத்தி டெக்சஸ்ல இருந்து நியூஜெர்சி வரைக்கும் போலீசே எச்சரிக்கை குடுத்திருக்கு.

மலர் (எடிசன், நியூஜெர்சி)

வேலு அண்ணா, நான் முறித்தவள். முறித்தது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

என் மகளை ஒரு தோழி வீட்டில் இரவு தங்க அழைத்தார்கள். அவர்கள் வீட்டில் துப்பாக்கி இருப்பது எனக்குத் தெரியும். "பூட்டித்தானே வைத்திருக்கிறீர்கள்?" என்று தனியாகத்தான் கேட்டேன். கட்டிலுக்குப் பக்கத்து மேசை இழுப்பறையில் இருப்பதாகச் சொன்னாள். அவசரத்துக்கு எடுக்க வசதியாம். அப்படியானால் என் மகள் வரமாட்டாள், உன் பிள்ளைகள் இங்கே வரட்டும் என்றேன். மறுநாள் இன்ஸ்டாகிராமில் "விருந்துக்குக் கூப்பிட்டால் வீட்டைச் சோதனை போடுகிறார்கள்" என்று என் பெயர் இல்லாமல் எழுதியிருந்தாள். யாரைச் சொல்கிறாள் என்று எங்கள் வட்டம் முழுக்கத் தெரிந்தது.

இந்த நாட்டில் 1 முதல் 19 வயது வரையிலானவர்களின் சாவுக்கு 2020லிருந்து முதல் காரணம் துப்பாக்கி. கார் விபத்தை அது தாண்டிவிட்டது. இது தெரிந்தும் நான் வாயை மூடிக்கொண்டு பிள்ளையை அனுப்பவேண்டுமா? வரி, குடியேற்றம், தேர்தல் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் கருத்து மாறுபடலாம். அந்த இழுப்பறைக்குப் பக்கத்து அறையில் என் மகள் தூங்குவதைக் கருத்து வேறுபாடு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

வேலுச்சாமி (ஹூஸ்டன்)

தங்கச்சி, பிள்ளைக வர்ற வீட்ல பூட்டாம வைக்கறவங்க பக்கம் நான் நிக்கமாட்டேன். என் பெட்டகத்தோட எண் எனக்கும் என் சம்சாரத்துக்கும் மட்டும்தான் தெரியும். நீங்க தனியாக் கேட்டதும் நியாயம். அந்தம்மா அதை ஊரறியப் போட்டது தப்பு.

ஆனா ஒண்ணு கவனிங்க. உங்க சண்டையும் காவிரிக்கரையார் சண்டையும் வேற வேற. நீங்க கேட்டது உங்க பிள்ளை தூங்கப்போற வீட்டைப் பத்தி. அவர் கேட்டது நாட்டுச் சட்டத்தை மாத்தச் சொல்லி. ஆயுதம் வச்சிருக்கறது ஒவ்வொருத்தரோட தனி உரிமைன்னு உச்சநீதிமன்றத்தோட 2008 ஹெல்லர் தீர்ப்பு சொல்லியாச்சு. ரைஃபிள்ல நடக்கற கொலை வருசத்துக்குச் சில நூறு, கைத்துப்பாக்கியில பல ஆயிரம். ரைஃபிளை மட்டும் பிடிச்சுப் பேசறப்போ விசயம் தெரியாமப் பேசறாங்கன்னு எங்களுக்குத் தோணுது. அங்கதான் கோபமே வருது.

காவிரிக்கரையான் (பிளேனோ, டெக்சஸ்)

ஹெல்லர் தீர்ப்பு வந்ததே ஐந்து நீதிபதிகள் ஆதரவு, நான்கு பேர் எதிர்ப்பு என்ற கணக்கில்தான். அதே தீர்ப்பில், இந்த உரிமைக்கு எல்லை உண்டு என்றும் நீதிபதி ஸ்காலியா எழுதியிருக்கிறார். கைத்துப்பாக்கியைக் கடையில் வாங்க மத்தியச் சட்டம் ஏற்கெனவே 21 வயது கேட்கிறது. ரைஃபிளுக்கும் அதையே கேட்டால் விஷயம் தெரியாதவன் ஆகிவிடுவேனா? பறிமுதல் செய்யச் சொல்லி நான் எழுதவே இல்லை.

மௌனம் என்கிறீர்கள். கருத்துகள் மழையாகக் கொட்டிய இரவு அது. யாரோ எழுதியதற்கெல்லாம் நான் ஜவாப்தாரி ஆக முடியாது.

வேலுச்சாமி (ஹூஸ்டன்)

எல்லாருக்கும் வேண்டாமுங்க. அந்த ஒரு வரிக்கு.

அறிவன் (மினியாபொலிஸ்)

இரண்டு பேருமே அந்த இரவைப் பேசுகிறீர்கள், அந்த இடத்தைப் பேசவில்லை. ஃபேஸ்புக்கில் 2017 முதல் ஒரு கோபக் குறியை ஐந்து விருப்பக் குறிகளுக்குச் சமமாக எடைபோட்டார்கள் என்று 2021ல் வெளியான அந்த நிறுவனத்தின் உள்ஆவணங்கள் காட்டின. பின்னால் அந்த எடையைக் குறைத்தார்கள். ஆனால் ஒரு பதிவின்கீழ் எவ்வளவு சண்டை நடக்கிறதோ அவ்வளவு பேர் கண்ணில் அது படும் என்ற அடிப்படை மாறவில்லை. உங்கள் நண்பர் முதல் கருத்தை எழுதியவுடனேயே அவருடைய ஆட்களுக்கு உங்கள் பதிவு போயிருக்கும். இதையே அவர் வீட்டுத் திண்ணையில் பேசியிருந்தால் இரண்டாவது காபியோடு முடிந்திருக்கும்.

மலர் (எடிசன், நியூஜெர்சி)

இயந்திரத்தின்மேல் பழியைப் போட்டுவிட்டுத் தப்பிக்க வேண்டாம் அறிவன். என் தோழியின் இழுப்பறையில் துப்பாக்கியை வைத்தது ஃபேஸ்புக் இல்லை.

சோழன் (அட்லாண்டா)

ஒரு செய்தியை எல்லோரும் மறக்கிறீர்கள். 1878ல் ஆங்கிலேயர் ஆயுதச் சட்டம் கொண்டுவந்து நம் மக்களை நிராயுதபாணி ஆக்கினார்கள். அந்த ஆட்சியின் கேடுகளிலேயே மிகக் கொடியது அதுதான் என்று காந்தியே எழுதியிருக்கிறார். ஆயுதம் இல்லாத மக்களை அரசு என்ன வேண்டுமானாலும் செய்யும். இதை நம்மவர்களே கேலி செய்தால் அப்படிப்பட்ட நட்பு போவதே நல்லது.

காவிரிக்கரையான் (பிளேனோ, டெக்சஸ்)

காந்தி அதை எழுதியது 1918ல் கேடா மாவட்டத்தில், முதல் உலகப்போருக்கு ஆள் சேர்த்தபோது. படையில் சேருங்கள், ஆயுதப் பயிற்சி கிடைக்கும், அந்தச் சட்டமும் நீங்கும் என்பதுதான் அவர் வாதம். அதைக் கொண்டுவந்து டெக்சஸ் கடையில் ரைஃபிள் வாங்கும் பையனுக்குப் பொருத்துவது சரியில்லை.

வடலிக்காடு (ஸ்காபரோ, கனடா)

சோழன், நாங்கள் இலங்கையில துவக்குச் சத்தத்துக்குள்ள வளந்த ஆக்கள். அரசிட்டயும் துவக்கு இருந்தது, அதை எதிர்த்த இயக்கங்களிட்டயும் துவக்கு இருந்தது. நடுவில அம்பிட்ட சனத்துக்கு அதால பாதுகாப்பு வரேல்ல. ஆயுதத்துக்கு அரசு பயப்படும் எண்டு சொல்லுறது லேசு.

இஞ்ச 2022 ஒக்ரோபரில கைத்துவக்கு வாங்கிறது விக்கிறதை அரசாங்கம் நிப்பாட்டிப் போட்டுது. என்ர சுதந்திரம் குறைஞ்சதெண்டு நான் ஒருநாளும் நினைக்கேல்ல. ஹூஸ்டனில இருக்கிற என்ர மச்சான் இதில எனக்கு நேர் எதிர். குடும்பக் குழுவில நாங்கள் இதைப் பற்றி ஒரு சொல்லும் எழுதுறேல்ல. போனில வாய் நிறையச் சண்டை பிடிப்பம். கலியாணவீட்டில பக்கத்தில இருந்து சாப்பிடுவம்.

புதுவரவு (கொலம்பஸ், ஒஹாயோ)

அண்ணன்மார்களே, நடுவில் ஒரு கேள்வி. நான் எச்1பி வேலை விசாவில் இருக்கிறேன். அறைத்தோழன் துப்பாக்கிப் பயிற்சிக் கூடத்துக்குக் கூப்பிடுகிறான். போய்ப் படம் எடுத்துப் போட்டால் பிரச்சினை வருமா?

வேலுச்சாமி (ஹூஸ்டன்)

போகாதீங்க தம்பி. எச்1பி, எஃப்1 (மாணவர் விசா) மாதிரி விசாவுல இருக்கறவங்க துப்பாக்கியோ தோட்டாவோ வச்சிருக்கக் கூடாதுங்கறது மத்தியச் சட்டம். வேட்டை உரிமம் மாதிரி சில விலக்கு உண்டு, ஆனா அதெல்லாம் வக்கீலைக் கேட்காம நம்பிக்கிட்டு இறங்கற விசயம் இல்ல. பச்சை அட்டை (கிரீன் கார்டு) வந்தப்புறம் பாத்துக்கலாம்.

சுகந்தி (சிகாகோ)

அவசரப் பிரிவில் செவிலியாக வேலை பார்க்கிறேன். இவ்வளவு நேரம் பள்ளி, மால், திருடன் என்றே பேசுகிறீர்கள். நான் அதிகம் பார்ப்பது வேறு.

2022ல் இந்த நாட்டில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,000க்கும் மேல். அதில் ஏறத்தாழ 27,000 பேர் தங்களைத் தாங்களே சுட்டுக்கொண்டவர்கள். மாத்திரை விழுங்கி வருகிறவர்களில் பெரும்பாலோரைக் காப்பாற்றி அனுப்புகிறோம். துப்பாக்கி எடுத்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் அளவுக்குப் பிழைப்பதில்லை. பிழைத்து எழுந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பின்னாளில் தற்கொலையில் சாவதில்லை என்று ஆய்வுகள் காட்டுகின்றன. அந்த ஒரு மணி நேரம், அந்த ஒரு இரவு கையில் அது இல்லாமல் இருந்தால் போதும்.

நம் ஆட்களைத் திருடன் தேடி வருவதைவிட, வேலை போய், விசா போய், வீட்டுக் கடன் நிற்க, ஊருக்குச் சொல்ல வாய் வராமல் ஒருவர் அறைக்குள் உட்கார்ந்திருப்பதுதான் எனக்குப் பெரிய பயம். அப்படி ஒருவரிடம் போய், "அண்ணா, கொஞ்ச நாளைக்கு அதை வேற எங்கயாவது வைங்க, சாவியை என்கிட்ட குடுங்க" என்று யார் கேட்க முடியும்? நானா, டாக்டரா? அவர் எங்களிடம் வரவே மாட்டார். கூட விடுதியில் படித்தவன் கேட்கலாம். காது குத்துக்கு மடி கொடுத்த உறவு கேட்கலாம். அந்த ஆளை நட்பிலிருந்து நீக்கிவிட்டால், கேட்க வேண்டிய அன்றைக்கு அவர் வீட்டுக் கதவைத் தட்டப் போவது யார்? அதனால்தான் காவிரிக்கரையார் விடக்கூடாது என்கிறேன். துப்பாக்கி வைத்திருக்கும் நண்பரைத்தான் நாம் விடவே கூடாது.

(மனம் உடைந்த நேரத்தில் கூப்பிட 988 என்ற எண் 2022 ஜூலை முதல் நாடு முழுக்க இருக்கிறது. அழைக்கலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம்.)

வேலுச்சாமி (ஹூஸ்டன்)

சுகந்தி அக்கா சொல்றதை நான் முழுசா ஏத்துக்கறேன். நியூ ஹாம்ப்ஷயர்ல துப்பாக்கிக் கடைக்காரங்களே சேர்ந்து, மனசு சரியில்லாதவங்க வாங்க வந்தா எப்படிக் கண்டுபிடிக்கறதுன்னு சுவரொட்டி, கையேடு எல்லாம் வச்சாங்க. ஒரே கடையில வாங்கின மூணு பேரு கொஞ்ச நாள் இடைவெளியில செத்ததுதான் அதுக்குக் காரணம். கஷ்டகாலத்துல நண்பர் துப்பாக்கியை வாங்கி வைக்கற பழக்கம் எங்க வட்டத்துல உண்டு. மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் மாறும், அதை மட்டும் பாத்துக்கோணும்.

ஆனா அந்தப் பேச்சை நாங்க யார் வாயில இருந்து கேட்போம்? எங்களைக் குத்தவாளியாப் பாக்காதவங்க வாயில இருந்து மட்டும்தான்.

மலர் (எடிசன், நியூஜெர்சி)

அக்கா, நீங்கள் சொல்வது மனதைப் பிசைகிறது. ஆனால் அந்தச் சுமை எப்போதும் எங்கள் பக்கமே வருவதைக் கவனியுங்கள். நாங்கள்தான் கேட்கவேண்டும், நாங்கள்தான் மனம் நோகாமல் கேட்கவேண்டும், கேட்டபின் அவமானப்பட்டாலும் நாங்கள்தான் திரும்பப் போய்ப் பேசவேண்டும். துப்பாக்கி வாங்கும் அன்றே "எங்கள் வீட்டில் இருக்கிறது, இப்படிப் பூட்டி வைத்திருக்கிறோம்" என்று வருகிறவர்களிடம் அவர்களாகச் சொன்னால் என்ன?

சுகந்தி (சிகாகோ)

சொல்லத்தான் வேண்டும். அதில் உங்கள் பக்கம்தான் நான்.

காவிரிக்கரையான் (பிளேனோ, டெக்சஸ்)

அவனுக்குப் போன வருடம் வேலை போனது. மூன்றாவது ஆள் சொல்லித்தான் எனக்கே தெரிந்தது. சுகந்தி எழுதியதைப் படித்ததிலிருந்து அதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது. இந்த ஞாயிறு தமிழ்ப்பள்ளி வாசலில் நானே போய்ப் பேசுகிறேன். யுவால்டி பற்றி எடுக்கமாட்டேன். 21 வயதுச் சட்டத்துக்கு எங்கள் தொகுதிப் பிரதிநிதிக்கு எழுதுவதையும் நிறுத்தமாட்டேன்.

வேலுச்சாமி (ஹூஸ்டன்)

எழுதுங்க, அது உங்க உரிமை. நானும் அந்தச் சட்டம் வேண்டாம்னு எங்க பிரதிநிதிக்கு எழுதுவேன்.

மலர் (எடிசன், நியூஜெர்சி)

காவிரிக்கரையாருக்கு நல்லபடியாக நடக்கட்டும். என் நிலை மாறவில்லை. அந்த இழுப்பறைக்குப் பூட்டு வந்ததாக அவளே எனக்குச் சொல்லும்வரை என் மகள் அந்த வீட்டுப் படி ஏறமாட்டாள்.