ஷாமிசென் தோல் கிழிந்துவிட்டது, ஏற்காட்டு ஈரத்தில் இதை வைத்திருக்க எவ்வளவு செலவாகும்?

ஏற்காட்டுக்காரி:

வணக்கம். நாகோயாவில் ஒரு முதியோர் இல்லத்தில் நான்கு வருடம் வேலை பார்த்தேன். அங்கே வாரம் ஒருநாள் ஷாமிசென் என்ற ஜப்பானிய வாத்தியம் கற்றுக்கொண்டேன். மூன்று நரம்பு, நீளக் கழுத்து, சதுரப் பெட்டி மாதிரி உடல், இரண்டு பக்கமும் இழுத்து ஒட்டிய தோல். ஊருக்கு வரும்போது பழைய வாத்தியம் ஒன்றை 55,000 யென் கொடுத்து வாங்கி வந்தேன். என் இரண்டு மாத மிச்சம் அது.

போன ஐப்பசியில் பதினோரு நாள் வெயில் முகமே தெரியவில்லை. துணி காயாமல் அடுப்புக்கு மேலே கொடி கட்டியிருந்தோம். ஒரு ராத்திரி பீரோவுக்குள்ளிருந்து பட்டென்று ஒரு சத்தம். காலையில் பையைத் திறந்தால், பின்பக்கத் தோல் ஓரத்தில் நான்கு விரல் நீளத்துக்குக் கிழிந்திருந்தது. தொட்டால் நமுத்த அப்பளம் மாதிரி தொய்வு. அரிசி மாவுப் பசையில் ஒட்டுகிற தோல் இது, ஈரம் ஆகாது என்று டீச்சர் சொல்லியிருந்தார். தெரிந்தும் காப்பாற்ற முடியவில்லை என்பதுதான் வருத்தம்.

நரம்புச் செலவு பெரிதில்லை. மெல்லிய மூன்றாவது நரம்பு பட்டில் போட்டால் சீக்கிரம் அறுந்துவிடும், அதனால் அதை மட்டும் நைலானில் போடுகிறேன். மீட்டுகிற மட்டை மரம், அது உழைக்கும். தோலுக்குத்தான் வழி தெரியவில்லை. ஜப்பானுக்கு அனுப்புவதா, இங்கே மிருதங்கம் செய்கிறவர்களிடம் கொடுக்கலாமா?

குகைப் பட்டறை:

அக்கா, சேலத்தில் குகை என்கிற பகுதியில் அப்பா காலத்திலிருந்து மிருதங்கம், தவில் வேலைதான் செய்கிறோம். ஆட்டுத்தோல் தாராளமாகக் கிடைக்கும். ஆனால் எங்கள் வேலை வேறு. தோலின் விளிம்பில் மூட்டு என்கிற வளையம் கட்டி, வார் பிடித்து இழுக்கிறோம். தளர்ந்தால் மறுபடி வாரை இறுக்கிக்கொள்ளலாம். உங்களுடையதில் வாரே இல்லை. பசை ஈரமாக இருக்கும்போதே கிழிகிற எல்லை வரை இழுத்து, அது காயும்வரை அப்படியே பிடித்து வைக்க வேண்டும். அதற்குத் தனிச் சட்டமும் ஆப்பும் வேண்டும். சட்டம் இல்லாமல் கையால் இழுத்து ஒட்டினால் சத்தம் சொத்தையாக வரும். காசு வாங்கிக்கொண்டு அதைச் செய்து தர எனக்கு மனசு வராது.

ஒன்று மட்டும் சொல்கிறேன். மலைக்கும் சேலத்துக்கும் அடிக்கடி தூக்கிப் போகாதீர்கள். மேலே ஈரத்தில் தளரும் தோல், கீழே சித்திரை வெயிலில் சுண்டும். ஒரே நாளில் இரண்டும் நடந்தால் எந்தத் தோலும் தாங்காது. காரில் வைத்துவிட்டுப் போவது அதைவிட மோசம்.

ஒசாகாவாசி:

தம்பி சொல்வது சரிங்க. நான் இங்கே ஆறு வருடமாக வாசிக்கிறேன். ஒரு பக்கத்துக்கு நாய்த்தோல் மாற்ற எனக்கு 32,000 யென் ஆனது. பூனைத்தோல் அதைவிட விலை. நீங்கள் அனுப்பினால் போகவர விமானக் கூலியும் சேர்ந்து, இரண்டு பக்கத்துக்கும் வாத்தியம் வாங்கிய விலையைத் தாண்டிவிடும். அடுத்த ஐப்பசியில் மறுபடி கிழியாது என்று யாரும் உறுதி தர முடியாது.

அதனால் செயற்கைத் தோலே போடுங்கள். நாதத்தில் குறை தெரியும், மறைக்கவில்லை. தட்டியதும் வருகிற அந்தக் கணீர் கொஞ்சம் மங்கும். ஆனால் ஈரத்துக்கு அசையாது, பல வருடம் நிற்கும்.

கழுத்து என்ன மரம் என்று பாருங்கள். விரல் படுகிற இடம் நாளடைவில் குழிந்துபோகும், அதை இழைத்துச் சமன் செய்வதும் ஒரு செலவு. உயர்ந்த வாத்தியங்களில் கோகி என்று போடுவது நம் செம்மரம்தான். இறுகின மரம், லேசில் தேயாது. ஆனால் சர்வதேசக் கட்டுப்பாட்டில் இருக்கிற மரம் என்பதால் காகிதம் இல்லாமல் எல்லை தாண்டி அனுப்பாதீர்கள்.

ஏற்காட்டுக்காரி:

பார்த்தேன், என்னுடையது ‘காரின்’ என்கிற மரம். நம் வேங்கைக்கு உறவுமுறை, செம்மரம் அல்ல. மூன்றாவது நரம்புக்குக் கீழே லேசாக இரண்டு குழி இருக்கிறது. இன்னும் இழைக்கிற அளவு இல்லை.

இந்த வாத்தியத்தில் முதல் நரம்பை மீட்டினால் சவாரி என்று ஒரு ரீங்காரம் எழும், தம்புராவில் நரம்புக்குக் கீழே ஜீவா நூல் வைத்தது போல. அதைக் கேட்டுத்தான் நான் இதைக் கற்கப் போனேன். அது கழுத்தின் மேல்முனையில் பிறப்பது, தோலில் அல்ல. செயற்கைத் தோல் போட்டாலும் அது போகாது என்று டீச்சரிடம் நேற்று கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

இரண்டு பக்கமும் செயற்கைத் தோலே போடச் சொல்லிவிட்டேன். கழுத்து மூன்று துண்டாகக் கழலுவதால் பெட்டி சின்னதாகத்தான் இருக்கும். தை மாதம் நாகோயாவுக்குப் போகிற தோழி கையில் கொடுத்தனுப்புகிறேன். குகைத் தம்பி, பட்டறையில் பஞ்சு நூல் இருந்தால் கொஞ்சம் எடுத்து வையுங்கள், பெட்டிக்குள் கழுத்தைச் சுற்றிக் கட்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கீழே வருகிறேன், வாத்தியம் இல்லாமல்.