பேனாவில் எழுதிய இரவுப் பணி

செவிலியர், மதுரை:

எங்கள் வார்டில் டியூட்டி ரோஸ்டர் ஒரு நீள நோட்டில்தான் இருக்கிறது. பொறுப்பு அக்கா பென்சிலால் எழுதுவார். யாராவது கெஞ்சினால் அழித்து மாற்றுவார். சித்திரைத் திருவிழா வரும் மாதத்தில் அந்தப் பக்கம் ரப்பர் பட்டே தேய்ந்து போயிருக்கும். அழகரை ஊரே எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை இரவிலும், அவர் வைகை ஆற்றில் இறங்கும் விடியலிலும் மதுரையில் யாருக்குத்தான் லீவு வேண்டாம்? மூன்றாவது வருடமும் அந்த இரவு எனக்கே விழுந்தது. அதுவும் பேனாவில்.

"உனக்கென்ன, பிள்ளையா குட்டியா?" என்று சிரித்துக்கொண்டேதான் சொல்வார்கள். பக்கவாதத்தில் படுத்திருக்கும் அப்பாவை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், இல்லையென்றால் படுக்கைப்புண் வந்துவிடும். இரவுப் பணி என்றால் பக்கத்து வீட்டு அத்தையின் தூக்கம் போகும். அன்று நோட்டை அக்கா முன்னால் திருப்பி வைத்து இதைச் சொன்னேன். "நீ வாயே திறக்கவில்லையே அம்மா" என்றார். தப்பு என்னுடையதும்தான், பரிதாபம் வேண்டாம் என்ற வீம்பு.

இப்போது மாதம் பிறக்கும் முன்பே ஆளுக்கு இரண்டு தேதி எழுதிக் கொடுக்கிறோம். காரணம் யாரும் கேட்பதில்லை.

வங்கி ஊழியர், திண்டுக்கல்:

எனக்கு நேர்மாறு. லீவு கேட்டதும் கொடுத்துவிட்டார்கள். மார்ச் 30, வங்கியில் வருடக் கணக்கு முடிக்க ஒரு நாள்தான் பாக்கி, அன்றுதான் அக்கா மகளுக்குக் குலதெய்வம் கோயிலில் காதுகுத்து. தாய்மாமன் இல்லாமல் நடக்குமா? ஆனால் எங்கே சேர்ப்பது என்று முடிவாகாத பணத்தைத் தற்காலிகமாக வைக்கும் சஸ்பென்ஸ் கணக்கில் எந்தத் தொகை எதற்காக நிற்கிறது என்பது கிளையில் எனக்கு மட்டும்தான் தெரியும். அதில் ஒரு கர்வமும் இருந்தது, மறைப்பானேன். குழந்தை என் மடியில், ஆசாரி ஊசியைக் கையில் எடுத்துவிட்டார், செல்பேசி விடாமல் அடிக்கிறது. எடுத்தேன். குழந்தை வீறிட்ட சத்தத்தில், மறுமுனையில் இருந்தவரே "அப்புறம் பேசுகிறேன் சார்" என்று வைத்துவிட்டார். அக்கா இன்னும் அதைச் சொல்லிக்காட்டுகிறாள். ஏப்ரல் 1, வாடிக்கையாளருக்குத்தான் விடுமுறை, எங்களுக்கு இல்லை. அன்று மாலையே பக்கத்து மேசைத் தம்பியை உட்கார வைத்து எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதவைத்தேன்.

மதுரைச் சகோதரிக்கு ஒரு கேள்வி: காரணம் கேட்காவிட்டால், ஒருவரே வருடாவருடம் தீபாவளியையும் பொங்கலையும் எழுதிக் கொடுக்க மாட்டாரா?

செவிலியர், மதுரை:

கொடுத்தார் அண்ணா. போன வருட நோட்டை அக்கா பீரோவிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார். அவ்வளவுதான்.