யூஃபோனியம் தொடர்: அடுத்து எதைப் பார்ப்பது?

நண்பர்களே, ஒரு உதவி வேண்டும். கியோட்டோ அனிமேஷனின் 'ஹிபிகே! யூஃபோனியம்' தொடரில் முதல் இரண்டு சீசன்களையும் (2015, 2016) பார்த்து முடித்துவிட்டேன். ஊஜி நகரத்துப் பள்ளி ஒன்றின் பேண்ட் குழு, தேசியப் போட்டிக்குப் போகப் பாடுபடும் கதை. கதாநாயகி குமிகோ, அந்தக் குழுவில் யூஃபோனியம் என்ற பித்தளை ஊதுகருவியை வாசிப்பவள். அவளிடம் "இந்த இடத்தை நீ வாசிக்க வேண்டாம்" என்று ஆசிரியர் சொன்னபின், அவள் பாலத்தில் ஓடிக்கொண்டே "நன்றாக வாசிக்கணும்" என்று கத்தி அழும் காட்சி இருக்கிறதே, அதை நான்கு முறை பார்த்தேன். நான்கு முறையும் அழுதேன்.

இப்போது குழப்பம் இதுதான். 2018இல் வந்த 'லிஸ்ஸும் நீலப் பறவையும்', 2019இல் வந்த படம், இரண்டுமே குமிகோவின் இரண்டாம் ஆண்டில்தான் நடக்கின்றன. முதலாவது ஓபோ வாசிக்கும் மிசோரே, புல்லாங்குழல் வாசிக்கும் நொசோமி இருவரின் நட்பைப் பற்றியது. எதை முதலில் பார்த்தால் மனதில் நன்றாகப் பதியும்? 2024இல் வந்த மூன்றாம் சீசனுக்கு முன் 2023 படத்தையும் அவசியம் பார்க்க வேண்டுமா? கதையின் முடிவை மட்டும் தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள்.

அப்புறம் இன்னொன்று. பேண்டில் வாசித்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்: முழுக்குழுவும் வாசிக்கும்போது யூஃபோனியத்தின் ஒலியை எப்படிப் பிரித்துக் கேட்பது? டிராம்போனும் ஏறக்குறைய அதே ஸ்தாயியில் ஒலிப்பதால் என் காதுக்கு இரண்டும் கலந்துவிடுகின்றன. யூஃபோனியம் தனியாக ஒலிக்கும் நல்ல பதிவுகள் தெரிந்தாலும் சொல்லுங்கள். குமிகோ கேட்பதை நானும் கேட்க வேண்டும்.