2025 தீபாவளி போனஸ்: ஆரம் எடுப்பதா, வேண்டாமா?

தூங்காநகரான்:
பவுன் 90,000-ஐத் தாண்டிவிட்டது. போனஸும் சீட்டுப் பணமும் சேர்ந்து கையில் மூன்றேகால் லட்சம் இருக்கிறது. மூன்று பவுனில் ஆரம் எடுக்கலாம் என்கிறார் மனைவி. "இது செலவா என்ன? முதலீடுதானே, பாப்பாவுக்கு ஆகும்" என்கிறார். பாப்பாவுக்கு ஒன்பது வயது. எனக்கு மனசு ஒப்பவில்லை, எதிர்த்துப் பேச விவரமும் இல்லை. திட்டாமல் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை:
பில்லை இப்போதே போட்டுவிடுவோம். பவுன் 90,000 என்றால் மூன்று பவுன் 2,70,000. செய்கூலி, சேதாரம் சேர்த்து 14 சதவீதம் என்று குறைத்தே வைக்கிறேன், 37,800. அதன் மேல் ஜிஎஸ்டி 3 சதவீதம், 9,234. ஆக மொத்தம் 3,17,034. கடைப் படியில் செருப்பை மாட்டும்போது மனசு மாறித் திரும்பப் போய்க் கொடுக்கிறீர்கள் என்று வையுங்கள். பழைய நகை என்று 2 சதவீதம் கழித்து 2,64,600 தருவார்கள். படியிறங்கி ஏறியதற்குள் 52,000 போச்சு. போட்ட பணம் திரும்பவே பவுன் 1,07,800-ஐத் தொட வேண்டும். வாங்கிய நிமிஷமே ஆறில் ஒரு பங்கு காணாமல் போகிற பொருளுக்கு முதலீடு என்று பெயர் வைக்காதீர்கள். ஆசைக்கு வாங்குகிறேன் என்று சொல்லி வாங்குங்கள், அதில் ஒரு தப்பும் இல்லை.

தெற்குத்தெரு அக்கா:
தம்பி, 2025 ஜனவரியில் பவுன் 60,000 ஆனபோதும் இதே கணக்கைத்தான் போட்டுக் காட்டினார்கள். உங்கள் கணக்குப்படி அன்றைக்கு வாங்கியவருக்கு 72,000 வந்தால் போட்ட பணம் வந்துவிடும். ஏப்ரலிலேயே வந்துவிட்டது! செய்கூலி, சேதாரம் எல்லாம் மூன்று மாதத்தில் கழிந்துவிட்டது. எந்த பேங்க் கொடுக்கும் இதை?

கணக்குப்பிள்ளை:
அக்கா, ஏறின வருஷத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் எதுவுமே நல்ல முதலீடுதான். 2012 நவம்பரில் பவுன் 24,000-ஐ ஒட்டி இருந்தது. 2015 நடுவில் 19,000 பக்கம் இறங்கியது. 2012-ல் அதே சேதாரத்தில் வாங்கியவருக்குப் போட்ட பணம் திரும்ப பவுன் 28,000 ஆக வேண்டும். அது வந்தது 2019 ஆகஸ்டில். ஏறக்குறைய ஏழு வருஷம், லாபம் பூஜ்யம். அதே பணத்தை அப்போதைய 9 சதவீத வட்டியில் போட்டிருந்தால் கிட்டத்தட்ட 1.8 மடங்கு. உலகச் சந்தை விலையைப் பார்த்தால் இன்னும் மோசம். 1980 ஜனவரியில் அவுன்ஸ் 850 டாலர். அந்த விலையை மறுபடி தாண்ட 2008 ஆனது.

பட்டறைவாசல்:
இருபத்தைந்து வருஷமாகப் பட்டறையில் உட்கார்ந்திருப்பவன் என்பதால் சேதாரத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அரம் போடும்போது தூள் விழும், உருக்கும்போது கொஞ்சம் குறையும், அது உண்மை. ஆனால் அந்தத் தூள் எங்கே போகிறது? மடியில் தோல் விரித்துப் பிடிக்கிறோம். கை கழுவின தண்ணீரைக்கூடச் சாக்கடையில் கொட்ட மாட்டோம். பட்டறையைக் கூட்டின குப்பைக்கே விலை பேச ஆள் வருகிறது. நிஜமாகச் சேதாரமாவது நீங்கள் பில்லில் பார்க்கும் அளவு இல்லை. மிச்சமெல்லாம் கடை வாடகை, ஏசி, விளம்பரம்.

ஆரம் கேட்கிறீர்கள், அதில் கல் வைத்தால் விற்கும்போது கல் எடையைக் கழித்துவிடுவார்கள். எனாமலுக்கும் அதே கதி. தங்கமாகவே இருக்க வேண்டும் என்றால் கெட்டி வளையல், சாதா சங்கிலி. சேதாரமும் குறைவு, உரைக்கவும் சுலபம். பில்லோடு ஆறு எழுத்து ஹால்மார்க் எண்ணைப் பார்த்து வாங்குங்கள், 2023 ஏப்ரலிலிருந்து அது இல்லாமல் கடை விற்கக் கூடாது. அதற்கு முந்தைய வீட்டு நகைகளை 916 என்று நம்பிக் கொண்டுவருவார்கள். உருக்கிப் பார்த்தால் 85 டச், அதாவது நூற்றுக்கு 85 பங்குதான் தங்கம். அந்த முகங்களைப் பார்க்கச் சகிக்காது.

சந்தேகி:
தங்கம்தான் வேண்டும் என்றால், தங்க விலைக்கு ஏற்பப் பணம் தரும் அரசின் தங்கப் பத்திரம் இருக்கிறதே? 2015 நவம்பரில் முதல் வெளியீடு கிராம் 2,684 ரூபாய். எட்டு வருஷம் கழித்து 6,132 கொடுத்தார்கள். வருஷத்துக்கு 2.75 சதவீத வட்டி தனி. சேதாரமும் இல்லை, திருடனும் இல்லை.

கணக்குப்பிள்ளை:
அருமையான திட்டம், அதனால்தான் நிறுத்திவிட்டார்கள் போல :) 2024 பிப்ரவரிக்குப் பிறகு புதிதாக வரவில்லை. இப்போதைக்கு இருப்பது கோல்டு இ.டி.எஃப், தங்க விலையையொட்டிப் பங்குச்சந்தையில் வாங்கி விற்கிற நிதி.

தெற்குத்தெரு அக்கா:
நீங்கள் எல்லோரும் விற்கிற கணக்கையே போடுகிறீர்கள். நம் வீட்டில் யார் நகையை விற்கிறார்கள்? அடகு வைக்கிறோம், மீட்கிறோம். 2020 ஊரடங்கில் எங்கள் கடை நான்கு மாதம் மூடிக் கிடந்தது. என் சங்கிலியைக் கூட்டுறவு வங்கிக்குக் கொண்டுபோனேன். உரைத்து, எடை போட்டு, மதியச் சாப்பாட்டுக்குள் பணம் கைக்கு வந்துவிட்டது. சம்பளச் சீட்டு கேட்கவில்லை, ஜாமீன் கேட்கவில்லை. உங்கள் இ.டி.எஃப்-க்கு நகைக்கடன் கொடுப்பார்களா? ரிசர்வ் வங்கி விதியில் கட்டித் தங்கத்துக்கே கடன் கிடையாது, நகைக்குத்தான் உண்டு.

இன்னொன்று. என் பேரில் இருந்த பிக்சட் டெபாசிட்டை கொழுந்தனார் தொழிலுக்கென்று உடைத்தார்கள். "இங்கே ஒரு கையெழுத்துப் போடு" என்றார்கள், அவ்வளவுதான். கழுத்தில் கிடப்பதைக் கழற்றிக் கொடு என்று கேட்க யாருக்கும் கொஞ்சம் வாய் கூசும். அந்தக் கூச்சத்துக்குத்தான் நான் 14 சதவீதம் கொடுக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கணக்குப்பிள்ளை:
கடைசி வரிக்கு என்னிடம் பதில் இல்லை அக்கா. அடகுக்கு இருக்கிறது. என் அம்மாவின் இரட்டைவடச் சங்கிலி 2009-ல் ஒரு அடகுக்கடைக்குப் போனது. ஒரு வருஷம் வட்டி கட்டினோம், அப்புறம் தங்கை காலேஜ் பீஸ் வந்தது, வட்டி நின்றது, நகை முழுகிப்போனது. பத்துப் பவுன். சொந்தப் பணத்தைப் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டு, அதைத் தொட வட்டி கட்டுவதில் என்ன லாபம்? பேங்கில் கிடந்திருந்தால் எடுத்துச் செலவு செய்திருப்போம், ஏலம் என்ற வார்த்தையே வீட்டில் கேட்டிருக்காது.

தெற்குத்தெரு அக்கா:
பேங்கில் கிடந்திருந்தால் 2009 வரைக்கும் கிடந்திருக்குமா தம்பி?

சந்தேகி:
2021-ல் கூட்டுறவுச் சங்கங்களில் ஐந்து பவுன் வரை நகைக்கடன் தள்ளுபடி ஆனதையும் அக்கா கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். எங்கள் தெருவில் அதற்குப் பிறகு யாரிடமும் இ.டி.எஃப் பற்றிப் பேச முடியவில்லை.

பட்டறைவாசல்:
தூங்காநகரான் ஐயாவுக்கு ஒன்று. பாப்பா கல்யாணத்துக்கு என்று ஆரம் வாங்காதீர்கள். பதினைந்து வருஷத்தில் மாடல் மாறிவிடும், "பாட்டி டிசைன்" என்பாள். அழித்துச் செய்ய மறுபடி கூலி, மறுபடி சேதாரம். நாங்கள் பிழைப்பதே அதில்தான்.

தூங்காநகரான்:
எல்லோருக்கும் நன்றி. இந்த உரையாடலை மனைவியிடம் காட்டினேன். கணக்குப்பிள்ளை எழுதியதை வேகமாகத் தள்ளிவிட்டு அக்கா எழுதியதை இரண்டு முறை படித்தார். நேற்று இரண்டு பவுனில் ஒரு ஜோடி கெட்டி வளையல் எடுத்தோம். 12 சதவீதம் சேதாரம் சொன்னார்கள், பட்டறைவாசல் சொன்னதை அப்படியே ஒப்பித்து 7-க்குக் கொண்டுவந்தார். மிச்சப் பணத்தை அவர் பேரில் டெபாசிட் போடலாம் என்றேன். "கையெழுத்துக் கேட்க மாட்டீர்கள்தானே?" என்றார். கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொன்னேன். வளையல் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று இதுவரை எனக்குத் தெரியாது.