பிசிஏஏ பவுடர் நேராகத் தசைக்குத்தான் போகுமா?

ஹட்டன் பையன்:
ஜிம் மாஸ்டர் பிசிஏஏ பவுடர் வாங்கச் சொல்கிறார். ஈரலில் நிற்காமல் நேராகத் தசைக்குப் போய்ச் சதையாகிவிடுமாம். அம்மா கொழுந்து எடுக்கிறார், அப்பா கவ்வாத்து வெட்டுகிறார், அந்தச் சம்பளத்தில் ஒரு டின் வாங்குவதென்றால் யோசிக்கத்தானே வேண்டும். தசைக்குள் உண்மையில் என்ன நடக்கிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கொட்டகலை அக்கா:
தம்பி, முதல் பாதி சரி. பிசிஏஏ என்பது லியூசின், ஐசோலியூசின், வேலின் என்ற மூன்று அமினோ அமிலங்கள், அதாவது புரதத்தைக் கட்டும் துண்டுகள். இந்த மூன்றையும் உடைக்கத் தொடங்கும் நொதியம் ஈரலில் மிகக் குறைவு, தசையில்தான் அதிகம், அதனால் சாப்பிட்டதில் பெரும்பகுதி ஈரலைத் தாண்டி வந்துவிடும். ஆனால் வந்ததெல்லாம் சதையாவதில்லை. தசை முதலில் நைட்ரஜன் உள்ள அமினோ பகுதியைக் கழற்றி குளூட்டமேட் என்ற வேறொரு அமினோ அமிலமாக்குகிறது, பிறகு அந்த அமினோ பகுதி, குளுக்கோஸ் உடைந்து வரும் பைருவேட்டுக்குக் கைமாறி அலனின் என்ற அமினோ அமிலம் ஆகி இரத்தத்தில் ஈரலுக்குப் போகிறது, அங்கே நைட்ரஜன் யூரியாவாகிச் சிறுநீரில் கழிய, மிச்சக் கார்பனில் ஈரல் குளுக்கோஸ் செய்து திருப்பி அனுப்புகிறது. குளூட்டமின் என்ற இன்னொரு அமினோ அமிலமாகவும் கொஞ்சம் நைட்ரஜன் தசையைவிட்டு வெளியே போகும்.

அமினோ பகுதி கழன்றபின் அந்த மூன்றிலும் மிஞ்சும் கார்பன் பகுதியான கீட்டோ அமிலத்தை எரிக்க பிசிகேடிஎச் என்று இன்னொரு நொதியம். பாஸ்பேட் ஒட்டியிருந்தால் வேலை செய்யாது, நீண்ட நேரம் உடம்பை வருத்தும்போது பாஸ்பேட் கழன்று வேலை தொடங்கும். எரிக்கிற வேலையில் ஒரு பங்கு ஈரலுக்கும் உண்டு.

தலவாக்கலை அண்ணன்:
அக்கா சொன்னதோடு இதையும் கேள் தம்பி. லியூசின், செல்லுக்குள் புரதம் கட்டுவதை முடுக்கிவிடும் எம்டோர் என்ற புரதத்தின் வழியாகத் தசைக்கு "புரதம் கட்டு" என்று சொல்வது உண்மைதான். ஆனால் கட்ட, உடம்பால் செய்ய முடியாத 9 அமினோ அமிலங்களும் வேண்டும். டின்னில் 3தான் இருக்கிறது, மற்ற 6ம் சாப்பாட்டிலிருந்து வராவிட்டால் உன் தசையையே உடைத்துத்தான் எடுக்க வேண்டும். சோறும் பருப்பும் சேர்த்துச் சாப்பிடு, சோற்றில் குறைகிற லைசின் பருப்பில் இருக்கு, பருப்பில் குறைகிற மெத்தியோனைன் சோற்றில் இருக்கு. முட்டையோ நெத்தலிக் கருவாடோ சேர்ந்தால் 9ம் தாராளமாக வந்துவிடும், அதற்குள்ளேயே அந்த 3ம் அடக்கம். என்னைக் கேட்டால் டின் வேண்டாம்.

ஹட்டன் பையன்:
நன்றி அக்கா, அண்ணன். அப்போ சிவனொளிபாதமலை ஏறினால் தசை கரையுமா? சீசனுக்குப் போகப் போகிறோம்.

கொட்டகலை அக்கா:
ஏறும்போது எரிவது பெரும்பாலும் மாச்சத்தும் கொழுப்பும்தான், இந்த மூன்றின் பங்கு சின்னது. தசையில் சேமித்த மாச்சத்தான கிளைகோஜன் தீரத் தீரத்தான் அது கூடும். அதனால் வெறும் வயிற்றோடு ஏறாதே, கிளம்புமுன் இரண்டு ரொட்டியாவது சாப்பிடு, இறங்கியதும் முட்டையோடு சோறு சாப்பிடு.